காற்றைப் படிக்கத் தோட்டா வேண்டாம்

தொலைதூர ரைபிள் சுடுதல் என்றாலே பெரிய துப்பாக்கி, விலை கூடிய தோட்டா என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். திருநெல்வேலிச் சீமைப் பிள்ளைகள் அப்படி ஒதுங்க வேண்டியதே இல்லை. தூரத்துக் குறி தப்புவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: கை அசைவும் காற்றும். கை அசைவை, காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளிலேயே சரிசெய்யலாம். அந்த இலக்கின் நடுப்புள்ளி 0.5 மி.மீ. தான். காற்றோ, ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பணகுடிக்குத் தானாகவே வந்துவிடும்.

பறக்கிற நேரம் முழுக்கக் காற்று குண்டைத் தள்ளிக்கொண்டே போகும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது வேறு. சுழன்று பறக்கும் குண்டு, காற்று வரும் பக்கமாகத் தன் மூக்கைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறது. அதனால் வேகத்தைக் குறைக்கும் காற்றுத்தடையில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கிறது. தடை இல்லையென்றால் விலகலும் இல்லை. வேகம் குறையாமல் போயிருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைவிடக் குண்டு எவ்வளவு பிந்துகிறது என்று பாருங்கள். அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும்.

நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும் .22 தோட்டா (0.22 அங்குலக் குழல் ரைபிளுக்கான சிறிய, மலிவான தோட்டா), 100 மீட்டரில் சுமார் 0.025 நொடி பிந்துகிறது. பக்கக்காற்று நொடிக்கு 4 மீட்டர் என்றால் விலகல் 10 செ.மீ. பெரிய ரைபிளில் இதே கோணத்துக்கு, அதாவது 100 மீட்டருக்கு 10 செ.மீ. என்ற கணக்கில், திருத்த வேண்டிய நிலை வர, 400 மீட்டருக்கு மேல் போகவேண்டும். அந்தப் பாடத்தை மலிவுத் தோட்டா 100 மீட்டரிலேயே நடத்திவிடுகிறது. இன்னும் வேகமான .22 வாங்கினால் விலகல் குறையும் என்று எண்ண வேண்டாம், 100 மீட்டரில் அது கூடத்தான் செய்யும். ஒலியின் வேகத்தை ஒட்டித் தடை சட்டென்று ஏறுவதுதான் காரணம். நம் ஊர் 35 டிகிரி வெயிலில் அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 352 மீட்டர்.

குண்டில்லாமல் குறிபார்த்து விசையை இழுத்துப் பழகுவது செலவே இல்லாத பயிற்சி. போட்டி ஏர் ரைபிள்களில் இதற்கென்றே அமைப்பு உண்டு. ஸ்பிரிங் துப்பாக்கியில் மட்டும் செய்யக் கூடாது, உள்ளே அடிபடும். .22-க்கு உரிமம் வேண்டும் என்பதால், கிளப்பில் பயிற்சியாளர் முன்னிலையில் பழகுவதே முறை.

காற்றைப் படிக்கத் துப்பாக்கியே வேண்டாம். காற்றாலையின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. இறக்கை சுற்றும் வேகத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய ஆலைகள் பல, காற்று கூடினாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றும். அந்த உயரத்துக் காற்றும் குண்டு போகும் உயரத்துக் காற்றும் ஒன்றல்ல. குண்டு போகும் உயரத்துக் காற்றை அறியப் புல்லையும் வடலியின் (இளம்பனையின்) ஓலையையும் பார்க்க வேண்டும். வெயில் ஏறியதும் தொலைநோக்கியில் கானலைக் கவனியுங்கள். நேர்மேலாகக் கொதித்தால் பக்கக்காற்று இல்லை. சாய்ந்தால் மெல்லிய காற்று. படுத்து ஓடினால் நொடிக்கு 5 மீட்டரை நெருங்கிவிட்டது. முதலில் கண்ணால் பார்த்து வேகத்தை நோட்டில் எழுதிவிட்டு, பிறகு காற்றுமானியைத் தூக்கிப் பாருங்கள்.