வாந்தி எடுத்ததும் பல் தேய்க்காதீர்கள்

"பல் கூசுது டாக்டர், தண்ணியே குடிக்க முடியல" என்று வருபவர்களில் சிலருக்கு முன்பல் வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சிறு கண்ணாடியை விட்டு மேல் முன்பற்களின் உள்பக்கம் பார்த்தால், பல்லின் வெளிப்பூச்சான எனாமல் வழுவழுவென்று கரைந்து அடியிலிருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரியும். கடைவாயில் எப்போதோ அடைத்த சிமெண்ட் மட்டும் மேடாக நிற்கும், சுற்றியுள்ள பல் இறங்கியிருக்கும். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களின் பல் இப்படித்தான் ஆகும். அமிலம் எதுக்களித்து வந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால் நான் அவசரப்பட்டு முடிவு கட்டுவதில்லை. ஆனால் புலிமியா (அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வேண்டுமென்றே வாந்தி எடுப்பது) போன்ற உணவுக் கோளாறு இருக்கிறதா என்று கட்டாயம் யோசிப்பேன்.

இந்தக் கரைவு சொத்தை அல்ல. வாயின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று காட்டும் அளவு) சுமார் 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். இரைப்பை அமிலம் அதைவிடப் பல மடங்கு கடுமையானது. சொத்தையோ பாக்டீரியாவின் வேலை. ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுகிறது. வாய் அடிக்கடி அமிலமாகும்போது அதைத் தாங்காத நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், லாக்டோபேசிலஸ் போன்ற சொத்தைக் கிருமிகள் பெருகும். ஒரே மூச்சில் அளவுக்கு மீறிச் சாப்பிடும் இனிப்பு அவற்றுக்குத் தீனி. அதைச் சாப்பிட்டு அவை வெளிவிடும் அமிலம்தான் பல்லைக் குடைகிறது. இதையெல்லாம் சமாளிக்க வேண்டிய உமிழ்நீரும் நீர்ச்சத்துக் குறைவாலும் சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் வற்றிப்போகிறது. பட்டினி கிடப்பவர்களுக்கும் இதே கதிதான்.

"ஒவ்வொரு தடவையும் உடனே நல்லா தேய்ச்சிடுவேனே" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். கேட்கவே மனசு வலித்தது. அமிலத்தில் ஊறி மென்மையான எனாமலைப் பிரஷ் வழித்தெடுத்துவிடும். அவர் பல்லைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறார். வாந்தி எடுத்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து கொப்பளியுங்கள். வெறும் தண்ணீரானாலும் சரி. பிரஷ் ஒரு மணி நேரம் கழித்துப் போதும். ஃபுளோரைடு பேஸ்ட்டில் தேய்த்த பிறகு நுரையைத் துப்பினால் போதும், வாயைக் கழுவிவிட வேண்டாம்.

வாந்தி நிற்கும்வரை பல்லுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்து வராமல் இருக்காதீர்கள். ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாம், சொத்தையை அடைக்கலாம். கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை) போன்ற பெரிய வேலைகளைத்தான் தள்ளிவைப்போம். கூடவே மனநல மருத்துவரையும் பாருங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் "எனக்கு அடிக்கடி வாந்தி வருகிறது" என்ற ஒரு வரி போதும், மீதியை நாங்கள் மெதுவாகக் கேட்டுக்கொள்கிறோம்.