டயர்: சக்கரம் சூடிக்கொண்ட சொல்

பழைய பாணி மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றப் போகிறவர் முதலில் பார்ப்பது அழகைத்தான். வட்டமான முகப்பு விளக்கு, ஸ்போக்ஸ் கம்பிச் சக்கரம், வழுவழுப்பான பெட்ரோல் டாங்கி ஆகியவற்றோடு எந்த டயர் ஒத்துப்போகும் என்றே மனம் கணக்குப் போடுகிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. டயர் என்ற சொல்லே உடை, ஒப்பனை என்ற பொருளில் பிறந்ததுதான்.

ஆங்கிலத்தில் உடையைக் குறிக்கும் 'அட்டயர்' என்ற சொல்லின் முன்பகுதி உதிர்ந்து 'டயர்' ஆயிற்று என்பதே சொல்லாய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். சக்கரத்துக்குப் போட்ட சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 15ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் குறித்தது, மரச் சக்கரத்தின் விளிம்பில் அறையப்பட்ட இரும்புத் தகடுகளை. ரப்பருக்கு அது இடம் மாறியது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் தலையில் அணியும் அணிக்கும் இதே பெயர் உண்டு. 1611இல் அச்சான ஆங்கில விவிலியத்தில் எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசி தலையில் கட்டிக்கொள்வதும் ஒரு 'டயர்'தான்! களைப்பைக் குறிக்கும் 'டயர்டு' வேறு குடும்பத்துச் சொல். அதை இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டாம்.

இனித் தமிழுக்கு வருவோம். பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகர்களின் வண்டியை விவரிக்கும்போது சக்கரத்தைப் பிரித்துக் காட்டுகிறது. அதில் உருளி என்பது சக்கரத்தின் நடுப்பகுதி, ஆரம் என்பது ஆரக்கால், சூட்டு என்பது ஆரக்கால்களைச் சுற்றி அமைந்த வளைந்த விளிம்பு மரம். இந்தச் சூட்டு என்ற சொல்லில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். பூச்சூடுதல், முடிசூடுதல் என்கிறோமே, அந்தச் 'சூடு' என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. தலையில் சூடும் மாலைக்கும் சூட்டு என்று பெயர். நெற்றியில் அணியும் அணிக்கும், சேவலின் கொண்டைக்கும் அதே பெயர்தான். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், தலையணிக்கு வைத்த பெயரையே சக்கரத்தின் விளிம்புக்கும் வைத்திருக்கின்றன. சொல் ஆராய்கிறவனுக்கு இப்படி ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

அப்படியென்றால் டயருக்குச் சூட்டு என்றே பெயர் வைத்துவிடலாமே? எனக்கும் ஆசைதான். ஆனால் 'சூட்டில் விரிசல்' என்று எழுதினால், வெயிலில் வண்டியை நிறுத்தியதால் விரிசல் விட்டது என்றுதான் இன்றைய வாசகர் படிப்பார். வெப்பத்தைக் குறிக்கும் சூடு மற்றச் சூட்டை விழுங்கிவிட்டது. மீதம் இருப்பது 'பட்டை'. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும்போது அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும் நிலையிலேயே மரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். செய்கிற வேலையைப் பார்த்தால் டயருக்கு நேரான முன்னோர் இந்தப் பட்டைதான். ஆகவே எழுத்தில் தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்களுக்கு 'உருளிப்பட்டை' என்பதே என் பரிந்துரை (உருளி என்பது முழுச் சக்கரத்தையும் குறிக்கும்). 'சக்கரப்பட்டை'யும் தவறில்லை. பேச்சில் டயர் இருந்துவிட்டுப் போகட்டும். ட என்ற எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்ற இலக்கணத்துக்காக அதன் முன்னால் இகரம் சேர்த்து 'இடயர்' என்றால், ஆடு மேய்ப்பவரைக் கூப்பிடுவது போல் ஆகிவிடும். இலங்கைத் தமிழர் 'ரயர்' என்று எழுதுவதும் உண்டு.

காற்றடைத்த டயருக்கு 1845இல் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அது பரவாமல் போயிற்று. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் அதே எண்ணத்தைத் தனியாகக் கண்டடைந்து சைக்கிள்களுக்குக் கொண்டுவந்தார். இந்த வகை டயருக்கு ஆங்கிலத்தில் முன்னொட்டாக வரும் 'நியூமேட்டிக்' என்ற சொல், காற்றையும் மூச்சையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதற்கு ஒரே எழுத்துக்கோவை போதும். கால் என்றால் சக்கரம்; வள்ளுவர் 'கால்வல் நெடுந்தேர்' என்பது வலிய சக்கரங்கள் கொண்ட தேரை. கால் என்றால் காற்றும்தான். காலுக்குள் கால் அடைத்தது என்று எழுதினாலும் இலக்கணப்படி சரியே, யாருக்கும் புரியாது என்பதைத் தவிர.

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் சொற்களில் நம்மைக் குழப்புவது 'ரேடியல்'. அதன் வேர் 'ரேடியஸ்' என்ற லத்தீன் சொல். சக்கரத்தின் ஆரக்கால், வட்டத்தின் ஆரம் இரண்டையும் அது குறிக்கும். தமிழ் 'ஆரம்' என்பதற்கும் இதே இரண்டு பொருள்கள் உண்டு என்பதால் மொழிபெயர்ப்பு கையிலேயே இருக்கிறது: ஆர இழை டயர். இதில் ரப்பருக்குள் இருக்கும் நூலிழைகள் ஆரக்கால் போல, ஓடும் திசைக்குச் செங்குத்தாக ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போகும். பழைய வகையில் இழை அடுக்குகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். அதைச் சாய்விழை டயர் எனலாம். அளவு எண்ணின் நடுவே வெறும் சிறு கோடு இருந்தால் சாய்விழை. ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஆர இழை. (ஆர் என்றாலே தமிழில் ஆரக்கால் என்று ஒரு பொருள் உண்டு. நினைவில் வைத்துக்கொள்ள வசதி.) முன்னால் ஆர இழை, பின்னால் சாய்விழை என்று கலந்து மாட்டுவது பொதுவாகக் கூடாது. தலைகீழாக, முன்னால் சாய்விழையும் பின்னால் ஆர இழையுமாகச் சில வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. எதுவானாலும் வண்டியின் கையேடு அனுமதித்தால் மட்டுமே.

அளவுக்கு வருவோம். பழைய டயரில் 3.25-19 என்று இருக்கிறது. மாற்றாக 90/90-19 என்று ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்கள். வேறு டயரைத் தலையில் கட்டுகிறார்களோ என்று சந்தேகம் வரும். தாளும் பேனாவும் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் எண் அங்குலக் கணக்கு: அகலம் 3.25 அங்குலம், அதாவது 82.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இந்தப் பழைய முறையில் உயரமும் ஏறக்குறைய அகலமே. சக்கர விளிம்பின் (ரிம்) விட்டம் 19 அங்குலம், 482.6 மில்லிமீட்டர். மேலும் கீழும் டயரின் உயரத்தைக் கூட்டினால் முழு விட்டம் சுமார் 648. இரண்டாவது டயரின் அகலம் 90 மில்லிமீட்டர். உயரம் அதில் 90 விழுக்காடு, ஆகவே 81. முழு விட்டம் சுமார் 645. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்தான். கண்ணுக்கும் தெரியாது, வேகமானிக்கும் உறைக்காது.

அதற்கு அடுத்து 52பி (52P) என்று இருக்கும். 52 என்பது அந்த டயர் தாங்கும் 200 கிலோ எடைக்கான குறி, பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துக்கான குறி. கையேடு சொல்லும் குறிகளுக்குக் கீழே இறங்கக் கூடாது.

உடை என்ற பொருளை முழுதாக நம்புகிறவர்கள் சறுக்குவது அகலத்தில். பின்பக்கம் கொழுத்துத் தெரிய வேண்டும் என்று அகல டயரைக் குறுகிய விளிம்பில் ஏற்றினால் இரு ஓரமும் உள்ளே நெருக்கப்பட்டு நடுப்பகுதி கூம்பிக்கொள்ளும். நானும் ஒருமுறை செய்தேன். பார்க்க வாட்டசாட்டமாக இருந்தது. வளைவில் வண்டி திடுக்கென்று சாய்ந்தது, செயின் உறையில் ரப்பர் உரசிய தடம் வேறு. ஒரே மாதத்தில் கழற்றினேன். பழைய பாணி வேண்டுமென்றால் அகலத்தை விட்டுவிட்டுக் கோலத்தில் தேடுங்கள். முன்னால் நீளவாக்கில் கோடு ஓடும் டயர், பின்னால் ரம்பப் பல் போன்ற வெட்டு என அந்தக் காலத்து வடிவங்கள் இன்றைய ரப்பர்க் கலவையிலும் கிடைக்கின்றன.

தரையைத் தொடும் பகுதிக்கு 'ட்ரெட்' என்று பெயர். மிதித்தல் என்று பொருள். தமிழில் 'மிதிபரப்பு' என்றால் பொருத்தம். அது தேய்ந்தால் மொட்டை டயர், இந்தச் சொல்லுக்கு மாற்றே வேண்டாம். 'ட்யூப்' லத்தீன் வழி வந்த குழாய். ஸ்போக்ஸ் கம்பிகள் விளிம்பைத் துளைத்து நிற்பதால் பெரும்பாலான கம்பிச் சக்கரங்களில் ட்யூப் இல்லாமல் காற்று நிற்காது. டயர் மாற்றும்போது ட்யூபையும் கம்பித் தலைகளை மூடும் நாடாவையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

பணம் கொடுப்பதற்கு முன் டயரைச் சுற்றிப் பார்த்தால் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்த்தது. மாட்டும்போது பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். புது ரப்பரின் மேல்தோல் வழுக்கும், ஆகவே முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவுகளில் நிதானமாகவே சாயுங்கள்.