புரோ ராட்டா: தேர்தல் செலவில் யார் பங்கு எவ்வளவு?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்கான தேர்தல் முடிந்ததும், கவுண்டி (மாநிலத்துக்கு உட்பட்ட உள்ளாட்சிப் பிரிவு) தேர்தல் அலுவலகம் பள்ளி மாவட்டத்துக்கு ஒரு பில் அனுப்பும். வாக்குச்சீட்டு அச்சடித்த கூலி, வாக்குச்சாவடி ஊழியர் சம்பளம், இயந்திரங்களைத் தயார் செய்த செலவு, தபால் செலவு எல்லாவற்றிலும் அந்த மாவட்டத்தின் பங்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அதே நாளில் அதே வாக்குச்சாவடியில் நகராட்சிக்கும், வேறு பள்ளி மாவட்டங்களுக்கும் தேர்தல் நடந்திருக்கலாம். மொத்தச் செலவை இவர்களிடையே பிரிக்கும் முறையைத்தான் 'புரோ ராட்டா' என்கிறார்கள். இதைத் தமிழில் 'சமமாகப் பங்கிடுதல்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். சின்னப் பள்ளி மாவட்டத்துக்கு அந்த மாற்றம் ஓர் ஆசிரியரின் சம்பளத்தையே விழுங்கக்கூடும்.

சொல் லத்தீன். முழு வடிவம் 'புரோ ராட்டா பார்ட்டே'. 'கணக்கிட்ட பங்குக்கு ஏற்ப' என்பது நேர்ப்பொருள். கணக்கிடு, எண்ணு என்ற பொருள் கொண்ட 'ரேரி' என்ற வினையிலிருந்து 'ராட்டா' பிறந்தது. ரேஷியோ, ரேட், நம் ஊர் ரேஷன் கடையின் ரேஷன் மூன்றும் இதே வேர். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த இந்தத் தொடரை, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் 'புரோரேட்' என்று வினைச்சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் வீடு, நிலங்களின் மேல் உள்ளூராட்சி விதித்த வரிக்கு 'ரேட்' என்றே பெயர். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அங்கே மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியங்களை உருவாக்கியபோது, அவற்றின் வருமானத்தில் ஒரு பகுதி அந்த 'ரேட்' வரியிலிருந்துதான் வந்தது. பள்ளி வாரியத்துக்கும் இந்தச் சொல் குடும்பத்துக்கும் அவ்வளவு பழைய உறவு.

பள்ளி மாவட்டம் என்றதும் நமக்குத் தமிழ்நாட்டின் 'கல்வி மாவட்டம்' நினைவுக்கு வரும். அது வேறு. கல்வி மாவட்டம் என்பது மாவட்டக் கல்வி அலுவலரின் பொறுப்பில் உள்ள நிர்வாகப் பிரிவு. அதற்குத் தேர்தல் கிடையாது. அமெரிக்கப் பள்ளி மாவட்டம் பெரும்பாலும் தனி அரசு. தனக்கென எல்லை, மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம், பெரும்பாலான மாநிலங்களில் சொந்தச் சொத்துவரி எல்லாம் அதற்கு உண்டு. அதன் எல்லை நகராட்சி எல்லையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒரே மாவட்டம் இரண்டு கவுண்டிகளில் பரவியிருப்பதும் உண்டு. செலவைப் பிரிப்பது இவ்வளவு சிக்கலாவதற்கு இந்த எல்லைகள்தான் காரணம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரே நாளில் ஒரு நகராட்சிக்கும் இரண்டு பள்ளி மாவட்டங்களுக்கும் தேர்தல். பொதுச்செலவு 3,00,000 டாலர். நகராட்சிக்கு 60,000 வாக்காளர், முதல் பள்ளி மாவட்டத்துக்கு 30,000, இரண்டாவதற்கு 10,000. சமபங்கு என்றால் ஆளுக்கு ஒரு லட்சம். அப்போது சின்ன மாவட்டம் தன் வாக்காளர் ஒருவருக்கு 10 டாலர் கொடுக்க, நகராட்சி 1 டாலர் 67 சென்ட் கொடுத்துத் தப்பிக்கும். புரோ ராட்டா என்றால் மூவருக்கும் வாக்காளருக்கு 3 டாலர் வீதம்: நகராட்சி 1,80,000, பெரிய மாவட்டம் 90,000, சின்ன மாவட்டம் 30,000. நகராட்சிக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் வாக்களிக்கும் ஒருவரை இந்தக் கணக்கு இரண்டு முறை எண்ணுகிறது. அவர் இரண்டு அமைப்புகளின் தேர்தலிலும் பங்கெடுப்பதால் அப்படி எண்ணுவது முறைதான்.

அடுத்த முறை நகராட்சி தன் தேர்தலை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டால்? வாக்குச்சாவடிகள் குறைந்து பொதுச்செலவு 1,60,000 ஆனது என்றே வைத்துக்கொள்வோம். மீதமுள்ள இருவரும் வாக்காளருக்கு 4 டாலர் வீதம் கட்ட வேண்டும். சின்ன மாவட்டத்தின் பங்கு 40,000 ஆகிவிடும். அந்த மாவட்டம் எதையும் மாற்றவில்லை, பில் மட்டும் ஏறிவிட்டது. வீதம் நியாயமாக இருந்தாலும் கூட்டு கலைந்தால் சின்னவருக்குச் சுமை கூடும். என் பார்வையில் இந்தச் சொல்லைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எந்த அளவுகோலில் பிரிப்பது என்பதைப் 'புரோ ராட்டா' தானாகச் சொல்வதில்லை. வாக்காளர் எண்ணிக்கையா, வாக்குச்சாவடி எண்ணிக்கையா, வாக்குச்சீட்டில் பிடித்த இடமா என்பதைச் சட்டமோ ஒப்பந்தமோ சொல்ல வேண்டும்.

மாநிலங்கள் இதை வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, மற்றத் தேர்தல்களோடு சேர்ந்து நடத்தினால் நகராட்சியும் மாவட்டமும் தத்தம் வீதப்பங்கைக் கட்ட வேண்டும்; தனியாக நடத்தினால் முழுச்செலவும் அவரவர் தலையில். அந்தச் செலவுக்குக் கவுண்டி பொறுப்பில்லை என்றும் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஒஹையோவில் ஒற்றைப்படை ஆண்டுத் தேர்தல் செலவு உள்ளாட்சி அமைப்புகளின் கணக்கில் ஏறும். பள்ளி மாவட்டத்துக்குப் போக வேண்டிய வரிப்பணத்திலிருந்தே கவுண்டித் தணிக்கையாளர் அதைப் பிடித்துக்கொள்வார். டெக்சஸ் வழி வேறு: பள்ளி வாரியத் தேர்தலை நகராட்சித் தேர்தல் போன்ற வேறொன்றோடு சேர்த்து நடத்த வேண்டும் என்று 2006இல் சட்டம் வந்தது, செலவை எப்படிப் பிரிப்பது என்பதைக் கூட்டுத் தேர்தல் ஒப்பந்தம் முடிவு செய்யும். கவுண்டி நடத்திக் கொடுத்தால் ஒப்பந்தத் தொகையில் 10% வரை நிர்வாகக் கட்டணமும் உண்டு. அங்கே ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடும் வாரியம் வீதத்தை விட்டுக்கொடுக்கிறது என்றே பொருள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'விகிதாசாரம்' பழகிய சொல்தான், ஆனால் தேர்தல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆபத்து. இலங்கையில் 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசாரப் பிரதிநிதித்துவம் தமிழ் வாசகர் பலருக்குத் தெரியும். 'விகிதாசாரத் தேர்தல் செலவு' என்றால் இருக்கை ஒதுக்கும் முறைதான் நினைவில் வரும். 'சதவீதப்படி' என்பதும் போதாது, எதன் சதவீதம் என்ற கேள்வி நிற்கும். 'வீதம்' என்ற சொல் நம் வாயிலேயே இருக்கிறது: ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம், ஏக்கருக்கு இத்தனை மூட்டை வீதம். கோயில் திருவிழாவுக்குத் தெருவுக்கு இவ்வளவு என்று வைத்தால் அது சமபங்கு. தலைக்கட்டுக்கு இவ்வளவு வீதம் என்று வைத்தால் வீடுகள் அதிகமுள்ள தெரு அதிகம் தரும். 'புரோ ராட்டா'வின் பொருள் இந்த இரண்டாவது முறையில் அப்படியே இருக்கிறது.

ஆகவே பெயர்ச்சொல்லுக்கு 'வீதப்பகிர்வு', ஒருவர் கட்ட வேண்டிய தொகைக்கு 'வீதப்பங்கு', வினைக்கு 'வீதப்படி பகிர்தல்'. எழுதும்போது அளவுகோலையும் முன்னால் சேர்த்துவிட வேண்டும்: 'வாக்காளர் வீதப்பகிர்வு', 'சாவடி வீதப்பகிர்வு'. "பொதுச்செலவைப் பதிவுபெற்ற வாக்காளர் எண்ணிக்கை வீதப்படி மூன்று அமைப்புகளும் பகிர்ந்துகொள்ளும், ஒரு மாவட்டத்துக்கு மட்டுமே ஆன செலவை அந்த மாவட்டமே ஏற்கும்" என்று எழுதினால், தன் மாவட்டத்தின் பங்கை வாசகர் தானே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.