மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை போடும் மாத்திரை

மும்பையில் தாராவியிலோ மாதுங்காவிலோ நம் ஆட்கள் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு ஏ.எம்.எல். (வேகமாகப் பரவும் ஒரு வகை ரத்தப் புற்று) என்று ரிப்போர்ட் வந்தால், உடனே ஓடுவது பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே எழுபத்தைந்து தாண்டியவருக்கு ஒரு மருந்தை ஏழு நாள், இன்னொன்றை மூன்று நாள் என்று போடும் பழைய கடும் கீமோ தாங்காது என்று சொல்லி, மாதத்துக்கு ஏழு நாள் அசாசிட்டிடின் ஊசியும் வெனட்டோகிளாக்ஸ் மாத்திரையும் எழுதிக் கொடுப்பது இப்போது வழக்கம். "வெறும் மாத்திரையிலா ரத்தப் புற்று அடங்கும்?" என்று மாமாக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இந்த மாத்திரை விஷம் வைத்துக் கொல்வதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் சக்தி தயாராகும் மைட்டோகாண்ட்ரியாவிலேயே. அதன் இரண்டு சவ்வுகளுக்கு இடையே சைட்டோகுரோம் சி என்ற புரதம் இருக்கிறது. உள்ளே இருக்கும்வரை அது சக்தி தயாரிக்க உதவும். வெளியே கசிந்தால் காஸ்பேஸ் நொதிகள் கிளம்பி செல்லைத் துண்டுதுண்டாக வெட்டிவிடும். கசியவிடும் ஓட்டையைப் போடுபவை பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள். ஓட்டை விழாதபடி, மரண உத்தரவோடு வரும் பிம் போன்ற புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது பி.சி.எல்.-2. புற்றுசெல்லில் பிம் நிறையவே சேர்ந்திருக்கும், அத்தனையையும் பி.சி.எல்.-2 மடக்கி வைத்திருக்கும். பி.சி.எல்.-2 பிம்மைப் பிடித்து வைக்கும் பள்ளத்தில் வெனட்டோகிளாக்ஸ் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிம் விடுபடுகிறது, ஓட்டை விழுகிறது, அவ்வளவுதான்.

சரி, நல்ல செல்கள் ஏன் அதே அளவு சாவதில்லை? நோயைத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிடும் லுக்கேமியா ஸ்டெம் செல்கள் (புதிய புற்றுசெல்களைப் பிறப்பிக்கும் மூல செல்கள்) மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே பிழைக்கின்றன. சாதாரண ரத்த ஸ்டெம் செல்லால் குளுக்கோஸை மட்டும் உடைத்துக்கூட ஓட்ட முடியும், இவற்றால் அப்படி மாறிக்கொள்வது கடினம். இந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் அவற்றுக்குள் அமினோ அமிலம் போவதும் குறைந்து, சக்தி உற்பத்தியே படுத்துவிடுகிறது. 2020-இல் வெளியான வயாலே-ஏ ஆய்வில், ஊசி மட்டும் போட்டவர்களில் பாதிப் பேர் 9.6 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், மாத்திரையும் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 14.7 மாதத்துக்கு மேல். குணமாகிவிட்டது என்று சொல்லும் கணக்கல்ல. ஆனால் அந்த வயதில் ஐந்து மாதம் சின்ன விஷயமும் அல்ல.

அப்படியானால் சக்தி உற்பத்தியை நேரடியாகவே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். ஐ.ஏ.சி.எஸ்.-010759 என்ற மருந்தால் அதைச் செய்து பார்த்தார்கள், ரத்தத்தில் லாக்டேட் ஏறியது, நரம்புகள் கெட்டன, சோதனையை நிறுத்திவிட்டார்கள். நரம்புக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டுமே! வெனட்டோகிளாக்ஸுக்கும் தடை உண்டு: சில புற்றுசெல்கள், குறிப்பாக மோனோசைட் வகை, பி.சி.எல்.-2-ஐ விட்டு எம்.சி.எல்.-1 என்ற அதன் பங்காளியைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கின்றன.

வீட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று. மருந்து ரத்த அணுக்களின் கவுண்டைத் தாழ்த்துவதால், பூஞ்சைத் தொற்று வராமல் இருக்கப் போசகோனசோல் போன்றதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். வெனட்டோகிளாக்ஸை உடைக்கும் கல்லீரல் நொதியை அது முடக்கிவிடும், அதனால் 400 மில்லிகிராம் வேலையை 100 அல்லது அதற்கும் குறைவானதே செய்துவிடும், பர்சுக்கும் நல்லது. ஆனால் பூஞ்சை மருந்து நின்றால், அந்தச் சின்ன அளவு போதாது. எதை நிறுத்தினாலும், எதைப் புதிதாக ஆரம்பித்தாலும், டாக்டரிடம் "அந்த மாத்திரை அளவை மாற்றணுமா?" என்று கேட்டுவிடுங்கள்.