காட்டெருமை முட்டியும் வலிக்கவில்லை என்றால்

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நடந்தே என் கிளினிக்குக்கு வந்தார். மூடுபனிக்குள் நின்ற காட்டெருமையை அவர் கவனிக்கவில்லை. விலாவில் முட்டித் தூக்கிப் போட்டிருக்கிறது. "வலியே இல்லைங்க டாக்டரம்மா. கையில சிராய்ப்பு மட்டும்தான். டிடி ஊசி போட்டு அனுப்பிடுங்க, அரை நாள் கூலியாவது கிடைக்கும்" என்றார்.

நாடி 120-ஐத் தாண்டியிருந்தது. நெற்றியில் சில்லென்று வியர்வை. இடது விலாவுக்குக் கீழே அழுத்தியபோது லேசாக முகம் சுளித்தார், அவ்வளவுதான். படுக்க வைத்து, ட்ரிப் ஏற்றி, 108-ஐ அழைத்தோம். வண்டி வருவதற்குள் வலியில் துடிக்க ஆரம்பித்துவிட்டார். "வரும்போது நல்லாத்தானே இருந்தாரு, இங்க வந்துதானே இப்படி ஆச்சு" என்று அவர் மனைவி அழுதார். அந்த அம்மா மேல் எனக்கு வருத்தமில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து பிழைத்துக்கொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவும் இல்லை. அந்த ஒரு மணி நேரம் அவருக்கு உண்மையிலேயே வலிக்கவில்லை. அவர் மூளையே அவருக்கு அபின் கொடுத்திருந்தது.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலிலிருந்துதான் அபின், அதிலிருந்துதான் மார்ஃபின். அந்த மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நம் மூளையிலேயே இருப்பதை 1973-இல் கண்டுபிடித்தார்கள். எங்கோ விளையும் செடியின் பாலுக்கு நம் தலைக்குள் எதற்கு இடம்? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளிலிருந்து விடையைப் பிரித்தெடுத்தார்கள். வெறும் ஐந்து அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, அதே ஏற்பிகளில் ஒட்ட மூளை தானே செய்வது, பெயர் என்கெஃபலின். அப்புறம் 31 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா எண்டார்ஃபின், டைனார்ஃபின் என்று வரிசையாகத் தெரியவந்தன.

அடிபட்ட இடத்திலிருந்து கிளம்பும் வலிச்செய்தி முதுகுத் தண்டுவடத்தில் நரம்பு மாறித்தான் மூளைக்கு ஏற வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று உணர்ந்ததும் நடுமூளை கீழ்நோக்கி உத்தரவு அனுப்புகிறது. தண்டுவடத்து நரம்பணுக்கள் என்கெஃபலினைச் சுரந்து, அந்தச் செய்தியை வாசலிலேயே மட்டுப்படுத்துகின்றன. பீட்டா எண்டார்ஃபினின் கதை இன்னும் அழகு. அதுவும், நெருக்கடியில் கார்ட்டிசோலைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோனும் ஒரே பெரிய புரதத்தை வெட்டிச் செய்யப்படுபவை. பயமும் வலி மருந்தும் ஒரே மூட்டையிலிருந்து வருகின்றன. மிருகத்திடமிருந்து தப்பி ஓட வேண்டிய நேரத்தில் நொண்டிக்கொண்டு நின்றால் பிழைக்க முடியாதல்லவா?

ஆனால் இது நிலைப்பதில்லை. என்கெஃபலினை உடலின் நொதிகள் நிமிடங்களில் சிதைத்துவிடும். ஆபத்து விலகியதும் மூளை கையை எடுத்துக்கொள்ளும். கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து, 'அப்பாடா' என்று மூச்சு விடும்போதுதான் பலருக்கும் வலி ஆரம்பிக்கிறது.

அதனால் மாடு முட்டியவரிடமோ, மிளகு பறிக்க ஏறி சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தவரிடமோ "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். தலை சுற்றுகிறதா, நாக்கு வறள்கிறதா, இடது தோள்பட்டையில் காரணமில்லாமல் வலிக்கிறதா என்று கேளுங்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும். இதை நம் ஊரில் யாரும் வயிற்றோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. முகம் வெளுத்திருந்தால் நடக்க விடாமல் படுக்க வையுங்கள்.

சூடாக ஒரு டம்ளர் டீ கொடுப்பது நம் மலையில் முதல் உபசாரம், எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். முதுகுவலிக்கு யாருக்கோ எழுதிக் கொடுத்து மீந்த டிராமடால் மாத்திரையும் கூடாது. அதுவும் இதே ஏற்பிகளில்தான் ஒட்டுகிறது. மயக்கம் தலைக்காயத்தாலா மாத்திரையாலா என்று எங்களுக்குத் தெரியாமல் போகும், மூச்சும் மந்தமாகலாம்.

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுங்கள். இதை ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. 1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஆய்வில், மருந்தில்லாத ஊசியை வலி குறைக்கும் ஊசி என்று நம்பியே சிலருக்கு வலி குறைந்தது. அபினின் வேலையை முறிக்கும் நலோக்சோனைச் செலுத்தியதும் அந்த நிம்மதி போய்விட்டது. நம்பிக்கை பிறந்தபோது அவர்கள் மூளை சுரந்தது உண்மையான மருந்துதான்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும், கோவைக்கு அதற்கு மேலும். வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால், கொண்டை ஊசி வளைவுகளில்தான் அது வரும். அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுங்கள்.