சவால்: கேள்வியாக வந்து தோள் தட்டி நிற்கும் சொல்

‘சாமி, எனக்குச் சவாலைக் கொடு’ என்று யாராவது வேண்டினால் அதற்கு என்ன பொருள்? முதலில் சொல்லைப் பார்ப்போம். சவால் அரபுச் சொல். அங்கே ‘சுஆல்’ என்றால் கேள்வி. பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. இந்தியில் இன்றைக்கும் சவால் என்றால் கேள்விதான். தமிழிலும் தெலுங்கிலும் அது ‘முடிந்தால் செய்து பார்’ ஆகிவிட்டது. பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் மார்க்கச் சட்டக் கேள்வியை ‘மஸ்அலா’ என்பார்களே, அதற்கும் இதே வேர்தான். (சமையல் மசாலா வேறு குடும்பம்.)

உருதுவில் இன்னொரு பொருளும் உண்டு: இரந்து கேட்பது. கையேந்தி நிற்பவர் ‘சவாலி’. ஆக, சாமியிடம் சவாலை வேண்டுகிறவர் அந்தச் சொல்லின் பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

ஆனால் அப்படிச் சவாலை யார் வேண்டுகிறார்கள்? பரீட்சை நேரத்தில் புதுச்சேரி மணக்குள விநாயகர் முன்னால் நிற்கிற பிள்ளைகள் கேட்பது சுலபமான கேள்வித்தாளை. அதில் தப்பும் இல்லை. இதே விநாயகர் மேல் நான்மணிமாலை பாடிய பாரதியாரே, மனம் சலனமில்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, கையோடு ‘கனக்கும் செல்வம், நூறு வயது’ இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

கஷ்டம் வந்தால் கோயிலில் நாம் சவால் என்று சொல்வதில்லை. ‘ஏன்டா சாமி இப்படிச் சோதிக்கிறே?’ என்கிறோம். சோதனை வடமொழிச் சொல். சுத்தம் செய்வது, உலோகத்தைப் புடம் போடுவது என்பதெல்லாம் அதன் பழைய பொருள்கள். கத்தோலிக்கர்களின் தினசரி செபத்திலும் சோதனையில் விழவிடாதே என்ற வேண்டுதல்தான் வருகிறது.

இந்த இடத்தில் கடலூர்க்காரர்களுக்கு அப்பர் நினைவுக்கு வர வேண்டும். திருவதிகையில் சூலை நோய் தாங்காமல் ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்று கதறியவர் அவர். நோயை விலக்கச் சொல்லும் நேரடியான வேண்டுதல் அது. கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் கரையேறியதாகச் சொல்லப்படும் திருப்பாதிரிப்புலியூரில் அதே அப்பர் கேட்பது வேறு: ‘புழுவாய்ப் பிறக்கினும் புண்ணியா உன்னடி என் மனத்தே வழுவாதிருக்க வரம்தர வேண்டும்.’ புழுவாக்காதே என்று கேட்கவில்லை. ஆக்கினால் ஆக்கு, நான் நழுவாமல் இருந்தால் போதும் என்கிறார். சவாலைக் கூப்பிட்டு வரவழைக்கவில்லைதான். ஆனால் வராதே என்று கதவைச் சாத்தவும் இல்லை. அந்தத் துணிச்சல் சாதாரணமானதல்ல.

சரி, தமிழ்ச் சொல்? அறைகூவல். அறைதல் என்றால் அடிப்பது, உரக்கச் சொல்வது; பறை அறைவதும் அதுதான். கூவுதல் என்றால் அழைப்பது. போருக்கு அழைப்பது என்ற பொருளோடு, வலிய அழைப்பது என்ற பொருளும் இதற்கு உண்டு. தில்லையில் அருளியதாகச் சொல்லப்படும், திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் மாணிக்கவாசகர் ‘அறைகூவி ஆட்கொண்டருளி’ என்கிறார். அங்கே கூவுகிறவர் பக்தர் இல்லை, சிவன்.

சவால் வருகிற எல்லா இடத்திலும் இதைப் போட முடியாது. ‘சவால் விட்டான்’ என்பதற்கு ‘அறைகூவல் விடுத்தான்’ சரி. ‘சவாலான வேலை’க்கு ‘அறைகூவலான வேலை’ என்றால் கேட்பவர் முழிப்பார். ‘கடினமான வேலை’ போதும். ‘சவாலே சமாளி’ மாதிரியான இடங்களில் சவாலை அப்படியே விட்டுவிடலாம்.