ஆர்.வி. அலமாரியில் இடம் இருக்கிறது, ஆக்சில் தாங்குமா?

வீட்டைக் காலி செய்துவிட்டு, படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியான ஆர்.வி.யிலேயே குடியிருக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும்போது பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: சாமான் வைக்க இன்னும் எங்கே இடம் பண்ணலாம்? அமெரிக்காவில் விற்கிற டிரெய்லர்களில், அதாவது வேறொரு வண்டி இழுத்துப்போகும் ஆர்.வி.களில், கட்டிலுக்கு அடியில், சோபாவுக்கு அடியில், தலைக்கு மேலே என்று எங்கே பார்த்தாலும் அறைகள். காலியாக இருக்கிறதே என்று நிரப்பிவிடுகிறோம். எல்லாம் நிரம்பினாலும் வண்டி தாங்கும் என்று தயாரித்தவர் எங்கேயும் சொல்லவில்லை.

அவர் சொன்னது கதவருகே ஒரு ஸ்டிக்கரில் இருக்கிறது, பலர் அதைப் படிப்பதே இல்லை. சரக்கின் எடை இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். டிரெய்லராக இருந்தால் தொட்டியில் நிரப்பும் தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்ட், 40 கேலன் தொட்டி நிரம்பினால் சுமார் 330 பவுண்ட், அதாவது 150 கிலோ, அதிலேயே போய்விடும். தானே எஞ்சினோடு ஓடும் மோட்டார்ஹோமில் ஏறி உட்காரும் ஆட்களின் எடையும் சேரும். பிறகு நீங்களாக மாட்டிய சோலார் பேனல், கூடுதல் பேட்டரி எல்லாமே சரக்குதான்.

அதனால் எதைக் கழிப்பது என்று யோசிக்கும்போது பருமனைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். போர்வையும் தலையணையும் இடத்தை அடைக்கும், ஆனால் பாரம் இல்லை. புத்தகப் பெட்டி, இரும்பு தோசைக்கல் நாலைந்து, ஸ்பேனர் செட், கிரைண்டர், இவைதான் ஆளை ஏமாற்றும். நம்மவர்கள் கிரைண்டரை விட மனசு வராமல் டிரெய்லரின் பின்கோடியில் ஏற்றிவிடுகிறார்கள். மிக்ஸியில் அரைத்தால் இட்லி கொஞ்சம் கல்லாகத்தான் வரும், பரவாயில்லை, அது போகட்டும். பின்பக்கம் பாரம் ஏறினால் முன்னால், இழுக்கும் வண்டியோடு மாட்டும் கொக்கியில் விழவேண்டிய எடை குறையும், அது பொதுவாக டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். கனமானது எதுவானாலும் ஆக்சிலுக்கு, அதாவது சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்கு, பக்கத்தில் தரையோடு வையுங்கள்.

எடை சரியாக இருந்தாலும் சில இடங்களை நிரப்பவே கூடாது. ஒரு டிரெய்லரில் கட்டிலுக்கு அடியில் இருந்த குளிர்காலப் போர்வைகளை எடுத்துப் பார்த்தேன், கடைசிப் போர்வை பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரின் விசிறி ஓட்டையை அப்படியே மூடிக்கொண்டிருந்தது, தொட்டால் துணி சுட்டது. ஹீட்டர் காற்று இழுக்கும் ஜாலியும் அப்படித்தான், அதன் முன்னால் செருப்பு ஸ்டாண்டு வைப்பது ரொம்ப சகஜம். அப்புறம் படுக்கையறையில் சிவப்புப் பிடி போட்ட ஜன்னல், தீப்பிடித்தால் நீங்கள் வெளியே குதிக்க வேண்டிய வழி. அதன் குறுக்கே பிளாஸ்டிக் டப்பா அடுக்கியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஜன்னல் திறக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிளம்பும் முன் தண்ணீர், கேஸ், துணிமணி, ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில், லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் எடைமேடையில் நிறுத்துங்கள். ஆக்சில் வாரியாகச் சீட்டு வரும், செலவும் பெரிதாக இல்லை. அந்த எண்ணை வண்டியில் எழுதியிருக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். தாண்டியிருந்தால் சாமானை இறக்கத்தான் வேண்டும், தடிமனான டயர் மாட்டினால் ஆக்சிலின் வரம்பு ஏறாது.